கொடைக்கானல் காளானும் ஆய்வுக்கூடத்துக் காளானும்: தம்பிக்காகக் கேட்ட அக்காவுக்கு

"தம்பிக்கு 27 வயது. நாலு வருடமாக டிப்ரஷன். இரண்டு மாத்திரை மாற்றிப் பார்த்தாயிற்று, பெரிய முன்னேற்றம் இல்லை. கொடைக்கானல் போய் மேஜிக் மஷ்ரூம் சாப்பிட்டால் ஒரே ராத்திரியில் தெளிந்துவிடும், வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் கூட்டிப்போகப் போகிறார்களாம். இதில் எவ்வளவு உண்மை? போகவிடலாமா?" நீங்கள் கேட்டது இது.

போகவிடாதீர்கள். அதே நேரம், "போதைக்கு அலைகிறாயா" என்று அவரைத் திட்டவும் வேண்டாம். நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உங்களுக்கும் தெரியும் என்று அவருக்குப் புரிந்தால்தான் மீதியை அவர் காது கொடுத்துக் கேட்பார். நான் மனநல மருத்துவன். மலைக்குக் கீழே இருக்கிற ஊர் ஒன்றில் வேலை என்பதால், இந்தக் காளானைச் சாப்பிட்டுவிட்டுக் கலங்கிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றிய ஆய்வுகளையும் பல வருடமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். இரண்டையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

இந்தக் காளானை மருந்தாக உலகம் தெரிந்துகொண்டது மெக்சிகோவில், ஒஹாகா மாநிலத்து மலை ஊரான வாவுத்லா தெ ஹிமேனெஸில். அங்கே மசதெக் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். காளான்களை அவர்கள் 'புனிதக் குழந்தைகள்' என்று அழைப்பார்கள். யாருக்காவது தீராத நோய் வந்தால் வைத்தியர் அம்மா ஒருவரிடம் போவார்கள். இரவில், இருட்டில், பூசைப் படத்துக்கு முன்னால் சடங்கு நடக்கும். காளானைச் சாப்பிடுகிறவர்களில் வைத்தியர் அம்மா முக்கியமானவர். நோயாளியின் கையில் காளானைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வதில்லை. தானும் சாப்பிட்டு, விடிய விடியப் பாடி, நோய் எங்கே இருக்கிறது என்று தேடுவார். அந்த இரவு முழுக்க நோயாளியை விட்டு அவர் எழுந்து போகமாட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

அப்படிப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் மரியா சபினா. 1955 ஜூன் கடைசியில் கோர்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி அவரிடம் போனார். காளான் ஆராய்ச்சி வாசனுக்குப் பொழுதுபோக்கு. ஊரில் இருக்கும் தன் மகனைப் பற்றிய கவலை என்று காரணம் சொல்லித்தான் சடங்கில் உட்கார இடம் பெற்றார். 1957 மே மாதம் லைஃப் பத்திரிகையில் படங்களோடு அவர் எழுதிய கட்டுரை வந்தது. மரியா சபினாவின் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதினார், ஆனாலும் மறைக்க முடியவில்லை. அடுத்த பத்து வருடத்தில் அந்தச் சிறிய ஊருக்கு வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். நோயைக் குணமாக்க இருந்த ஒன்றை அவர்கள் வேடிக்கைக்குச் சாப்பிட்டார்கள். போலீஸ் வந்தது. ஊர்க்காரர்களின் கோபம் மரியா சபினா மேல் திரும்பியது, அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அந்நியர்கள் வந்த பிறகு காளான்களின் சக்தி போய்விட்டது என்று அவர் கடைசி வரை வருந்தினார். 1985இல் ஏழையாகவே இறந்தார். இன்று கோடிக்கணக்கான டாலர் புழங்குகிற ஒரு துறையின் தொடக்கத்தில் இந்த அம்மாவின் கண்ணீர் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்தக் காளானைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அந்தக் காளான்கள் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் மருந்துக் கம்பெனியில் இருந்த ஆல்பர்ட் ஹாஃப்மனிடம் போய்ச் சேர்ந்தன. எல்எஸ்டி என்ற, இல்லாத தோற்றங்களைக் காட்டும் பொருளை உருவாக்கியவரும் அவர்தான். 1958இல் காளானிலிருந்து சைலோசைபின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1962இல் அதை மாத்திரையாக எடுத்துக்கொண்டு மரியா சபினாவிடமே போனார். அந்த அம்மா மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்து, காளானில் இருப்பது இதிலும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஹாஃப்மன் எழுதியிருக்கிறார்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குடிநோய், பதற்றம், மரண பயம் என்று பலவற்றுக்கும் மருத்துவர்கள் இந்தப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த வகைப் பொருட்களைக் குறிக்கும் 'சைகடெலிக்' என்ற சொல்லை உருவாக்கியவரே ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர்தான். கனடாவில் குடிநோயாளிகளுக்கு எல்எஸ்டி கொடுத்துச் சிகிச்சை செய்தவர் அவர். அப்புறம் மருத்துவமனைக்கு வெளியே எல்லாம் கட்டுமீறிப் போக, 1970இல் அமெரிக்கச் சட்டமும் 1971இல் ஐ.நா. ஒப்பந்தமும் கதவை அடைத்தன. முப்பது வருடம் போல இந்த ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றே போனது.

மீண்டும் அது சூடுபிடித்தது 2006இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளரால். 2016இல் அவருடைய குழு 51 புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. உயிருக்கு ஆபத்தான நோய், அதோடு வந்த மனச்சோர்வும் பயமும். ஒருமுறை கணிசமான அளவில் சைலோசைபின் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் சுமார் 80 சதவீதம் பேருக்கு அந்தச் சோர்வும் பதற்றமும் தெளிவாகக் குறைந்திருந்தன. ஒரே நாள் சிகிச்சைக்கு இவ்வளவு மாற்றம். எங்கள் துறையில் பலருக்குத் தூக்கம் போன செய்தி அது.

உங்கள் தம்பியின் நிலைக்கு நெருக்கமான ஆய்வு 2022இல் வந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்குப் பிடிகொடுக்காத மனச்சோர்வு உள்ள 233 பேர், 10 நாடுகள். ஒரு பிரிவுக்கு 25 மில்லிகிராம், ஒரு பிரிவுக்கு 10, இன்னொன்றுக்கு வெறும் 1 மில்லிகிராம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது 25 பிரிவில் 37 சதவீதம் பேருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்திருந்தது, 1 பிரிவில் 18 சதவீதம். பன்னிரண்டு வாரம் வரை அது நீடித்தது 20 சதவீதம் பேருக்கு. 1 மில்லிகிராம் பிரிவில் 10 சதவீதம் பேருக்கு. பலன் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதிக அளவு கொடுக்கப்பட்ட பத்து பேரில் எட்டுப் பேருக்கு மூன்று மாதம் நிலைக்கிற மாதிரியான பலன் கிடைக்கவில்லை. 'ஒரே ராத்திரியில் தெளிந்துவிடும்' என்கிற நண்பர்களிடம் இந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆய்வில் தற்கொலை எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவையும் சிலரிடம் பதிவாகின. ரொம்ப நம்பிப் போய் ஒன்றும் நடக்காவிட்டால் ஏற்கனவே தளர்ந்திருக்கும் ஒருவர் எங்கே போய் விழுவார்? எனக்கு இருக்கிற முதல் பயம் இதுதான்.

வழக்கமான மாத்திரையோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். 2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 59 பேரிடம் சைலோசைபினையும் எஸ்சிடலோப்ராமையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில், முதன்மை அளவுகோலின்படி, இரண்டுக்கும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. எஸ்சிடலோப்ராம் நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரண மாத்திரை. ஒருவேளை உங்கள் தம்பியே அதைச் சாப்பிட்டிருக்கலாம்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது என்பது ஆய்வு விதி. சைலோசைபின் சாப்பிட்டவருக்கு அரைமணி நேரத்தில் சுவர் அலையாக அசைந்தால் தெரியாமலா போகும்? 'எனக்கு உண்மையான மருந்து கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடும். வெற்று மாத்திரை கிடைத்தவர் ஏமாந்து இன்னும் சோர்ந்துபோவார். இரண்டும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டும். 2024 ஆகஸ்டில், எம்டிஎம்ஏ என்ற இன்னொரு போதைப்பொருளை மனவடு நோய்க்கு (பிடிஎஸ்டி) மருந்தாக ஏற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மறுத்ததற்குப் பின்னால் இந்தக் கேள்வியும் இருந்தது. அதற்கு முன்பே, அந்த மருந்துக்கான ஆய்வு ஒன்றில் சிகிச்சையாளர்கள் ஒரு பெண் நோயாளியிடம் எல்லை மீறி நடந்துகொண்ட காணொளியும் வெளியே வந்திருந்தது. மனம் முழுக்கத் திறந்து, தன்னைக் காத்துக்கொள்ளத் திராணியற்றுப் படுத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? சைலோசைபின் உடலில் சைலோசினாக மாறி, மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளுக்கான ஒருவகை ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும். மனச்சோர்வில் மனம் செக்குமாடு மாதிரி. 'நான் எதற்கும் லாயக்கில்லை, எல்லாம் என் தப்பு' என்று ஒரே வட்டத்தைச் சுற்றும். அந்த மாட்டைச் சில மணி நேரத்துக்குச் செக்கிலிருந்து அவிழ்த்துவிடுகிறது இந்த மருந்து. அவிழ்ந்த மாடு வயலுக்கும் போகலாம், கிணற்றிலும் விழலாம். அதனால்தான் ஆய்வுக்கூடங்களில் மருந்துக்கு முன்பே பல மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். மருந்து நாளில் அமைதியான அறை, கட்டில், கண்ணுக்குத் துணி, மெல்லிய இசை. பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ நாள் முழுக்கக் கூடவே இருப்பார்கள். பயம் வந்தால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மறுநாளும் அதற்குப் பிறகும், பார்த்ததை எல்லாம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்க உதவுவார்கள்.

மரியா சபினா விடிய விடியப் பாடிக்கொண்டு செய்ததும் ஏறக்குறைய இதுதான். காளானிலிருந்து பொருளைப் பிரித்து மாத்திரை ஆக்கியவர்களால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மாத்திரைக்குள் அடைக்க முடியவில்லை. கொடைக்கானல் பயணத்தில் உங்கள் தம்பிக்குக் காளான் கிடைக்கும். உட்கார்ந்திருக்க ஆள் கிடைக்குமா? கூடப் போகிற நண்பர்களும் அதே காளானைச் சாப்பிட்டுவிட்டு, அதே போதையில் இருப்பார்கள். மசதெக் வைத்தியரும் சாப்பிட்டார் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்குப் பின்னால் ஒரு வாழ்நாள் பழக்கமும், தலைமுறை தலைமுறையாக வந்த முறையும் இருந்தன.

இனி அந்தப் பயணத்தில் இருக்கும் நேரடியான ஆபத்துகள்.

ஆய்வில் 25 மில்லிகிராம் என்றால் 25 மில்லிகிராம்தான். காட்டுக் காளானில் ஒன்றுக்கொன்று சத்து மாறும், ஒரு பிடியில் எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அதைவிட மோசம், அது அந்தக் காளான்தானா என்பது. பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் சில பழுப்புக் காளான்களில் ஈரலையே கருக்கிவிடும் விஷம் உண்டு. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அடுத்த நாள் சரியாகிவிட்ட மாதிரி தெரியும். அப்புறம் ஈரல் செயலிழக்கும். காளான் சாப்பிட்ட யாருக்காவது இப்படித் தாமதமாக வாந்தி வந்தால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

இரண்டாவது, அவர் சாப்பிடும் மாத்திரைகள். மனநிலையைச் சீராக வைக்கக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இந்தக் காளானைச் சாப்பிட்டு வலிப்பு வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. எஸ்சிடலோப்ராம் வகை மாத்திரைகள் காளானின் வேகத்தை மழுங்கடிக்கலாம். அப்போது என்ன செய்வார்கள்? 'ஒன்றும் தெரியவில்லையே' என்று இன்னும் கொஞ்சம் சாப்பிடுவார்கள். இல்லையென்றால், பயணத்துக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, நோய் திரும்புவது எல்லாம் வரும். ஆய்வுகளில் மருந்தை நிறுத்துவதும் மருத்துவர் கண்காணிப்பில்தான்.

மூன்றாவதை நான் ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். வீட்டில், நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது ஸ்கிசோஃப்ரினியாவோ (இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத நம்பிக்கைகள் வருகிற மனநோய்) பைபோலாரோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்ததா? அப்படிப்பட்டவர்களை இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. சில வருடங்களுக்கு முன் மலையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். ஐந்து நாளாகத் தூக்கமில்லை, ஓயாத பேச்சு, தனக்குத் தெய்வம் கட்டளையிட்டிருக்கிறது என்ற உறுதி. அவனுடைய பெரியப்பாவுக்கு இளவயதில் 'பேய் பிடித்து' ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள் என்பதை அவன் அம்மா மூன்றாம் நாள்தான் என்னிடம் சொன்னார். நம் குடும்பங்களில் இந்தத் தகவல்கள் புதைந்தே கிடக்கும். அந்தப் பையன் தேறினான், ஆனால் கல்லூரியில் ஒரு வருடம் போனது.

சட்டத்தைப் பொறுத்தவரை, சைலோசைபின் இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. கொடைக்கானலில் இதற்காகக் கைதுகள் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. 'வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள்' என்பது ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தும். அங்கே 2023 ஜூலை முதல், தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், பிற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு சைலோசைபின் கொடுக்கலாம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உரிமம் பெற்ற நிலையங்கள் இருக்கின்றன. இங்கே அப்படி எதுவும் இல்லை.

மற்ற செடிகொடிகள் பற்றியும் யாராவது தூண்டிவிடக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமேசான் பழங்குடியினரின் அயவாஸ்காவில் ஒரு கொடியும் ஒரு இலையும் சேரும். பிரேசிலில் 29 நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. ஆனால் மனச்சோர்வு மாத்திரைகளோடு அது சேர்ந்தால் செரோடோனின் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு மக்களின் இபோகா வேரிலிருந்து வரும் இபோகெய்ன் இதயத் துடிப்பைக் குலைக்கும், அதனால் இறந்தவர்கள் உண்டு. 'நம்ம ஊரிலேயே ஊமத்தை இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டே கிளம்பிவிடுங்கள். ஊமத்தை இந்த வகையே இல்லை. அது விஷம். வருவது தெளிவு கிடையாது, பிதற்றல், அதிகமானால் மரணம்.

சரி, தம்பிக்கு என்ன வழி?

'இரண்டு மருந்து கேட்கவில்லை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த அளவு, எத்தனை வாரம் என்றுதான். குறைந்த அளவில் மூன்று வாரம் சாப்பிட்டு நிறுத்தியிருந்தால் அந்த மருந்தைச் சரியாக முயன்றதாகவே கணக்கில்லை. போதுமான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டிருக்க வேண்டும். தைராய்டு, பி12, ரத்தசோகை பார்த்தார்களா? குடி உண்டா? நடுநடுவே தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகத்தோடு இருந்த நாட்கள் உண்டா? இருந்தால் அது பைபோலாராக இருக்கலாம், சிகிச்சையே வேறு. யாராவது அவரோடு முறையாக, வாரா வாரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சை செய்தார்களா? நம் ஊரில் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறோம். இது எங்கள் மேல் உள்ள குறை, ஒப்புக்கொள்கிறேன். காளான் சிகிச்சையில் நோயாளியோடு செலவிடும் நேரத்தில் கால்வாசியைக் கொடுத்திருந்தால் சாதாரண மாத்திரையே இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் அசையவில்லை என்றால், சட்டப்படி இங்கேயே கிடைக்கிற ஒன்று கெட்டமின். அறுவை சிகிச்சையில் மயக்கத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்து. அதைவிட மிகக் குறைந்த அளவில், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், நாற்பது நிமிடம் நரம்பு வழியாக ஏற்றினால் சிலருக்குச் சில மணி நேரத்திலேயே மனபாரம் இறங்குகிறது. பெரும்பாலும் அந்தப் பலன் சில நாட்களில் தேய்ந்துவிடும், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். ரத்த அழுத்தம் ஏறும், பழக்கமாகும் ஆபத்தும் உண்டு. அதனால் மருத்துவமனையில் மட்டும். இந்தியாவில் சில பெரிய மனநலப் பிரிவுகளில் செய்கிறார்கள். இன்னொன்று ஈசிடி, மின்சிகிச்சை. பெயரைக் கேட்டதும் சினிமாக் காட்சிதான் கண்முன் வரும். இன்று மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. சில வாரங்களுக்கு நினைவு தடுமாறலாம். ஆனாலும் கடுமையான மனச்சோர்வுக்கு இன்றுவரை அதைவிட வலுவான சிகிச்சை எங்களிடம் இல்லை.

தம்பியிடம் பேசும்போது நண்பர்களைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள். அவர் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர்களும் வழி தேடியிருக்கிறார்கள். "நீ தேடுகிற பொருளில் விஷயம் இருக்கிறதுதான், நானும் விசாரித்தேன். அதைக் கொடுக்கிற இடத்தில் ஒருத்தர் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருப்பாராம். மலையில் உனக்கு யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் பேச விட்டுவிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இருக்கிறது என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416-இல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரமே வேறொரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நிறுத்தினார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் அப்பாவிடமும் குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று கேட்டு அதே தாளில் சேருங்கள். கொடைக்கானல் திட்டத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அறைக்குள் நீங்களும் கூடப் போங்கள்.